ஆராய்ச்சியிலேயே ஊறிய கணிதப் பேராசிரியரால் ஒரு பல்கலைக்கழகத்தை நடத்த முடியுமா?

முடியும். நம் சென்னையிலேயே சி. எஸ். சேஷாத்ரி செய்து காட்டினார். லயோலா கல்லூரியில் படித்து, மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் பேரெடுத்தவர். சக கணிதவியலாளர் எம். எஸ். நரசிம்மனோடு சேர்ந்து அவர் 1965-இல் வெளியிட்ட தேற்றம் உலகப் புகழ்பெற்றது. 1984-இல் சென்னை திரும்பினார். 1989-இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கீழ் அவர் தொடங்கிய கணிதப் பள்ளிதான் இன்றைய சென்னை கணிதவியல் கழகம்.

எனக்குப் பெரிதாகப் படுவது 1998-இல் நடந்ததுதான். ஆய்வாளர்களே வகுப்புக்கு வந்து பாடம் எடுக்கும் பி.எஸ்சி. படிப்பை அங்கே ஆரம்பித்தார்கள். பட்டம் தரும் உரிமை அப்போது கிடையாது. மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகத்தான் மாணவர்களுக்குப் பட்டம் கிடைத்தது! அப்புறம் சிறுசேரி வளாகம், 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து. இயக்குநர் நாற்காலியில் இருந்தபோதும் கணிதத்தை அவர் விடவில்லை. கர்நாடக சங்கீதம் பாடுவதையும்தான்.