கண்ணை மூடச் சொன்னது ஆர்?

அன்புள்ள அக்கா,

நான் புதுக்குடியிருப்பு. இப்ப கிளிநொச்சியில ஒரு ஃபைனான்ஸ் கொம்பனியில வேலை. நாலு மாசமா ஃபோனில ஒரு ஆப் போட்டுத் தியானம் பழகுறன். முதல் மூச்சை எண்ணினன், பிறகு யூடியூப்பில பாத்திட்டு விளக்குச் சுடரைப் பாத்தன், இப்ப திருமூலர் சொன்ன 16, 64, 32 கணக்கில மூச்சுப் பிடிக்கிறன். ஒண்டிலயும் மனம் நிக்குதில்ல. ஒரு நாளும் விடாமல் 41 நாள் செய்த ஸ்ட்ரீக் ஆப்பில இருந்தது, அதுவும் போன கிழமை உடைஞ்சிட்டுது. எந்த முறை சரி? எத்தினை நிமிஷம் இருக்கோணும்? மச்சம் விடோணுமா? சில நேரம் கண்ணை மூடின உடன பழைய சத்தங்கள் கேக்குது, நெஞ்சு அடிக்குது. என்ர மனம் உருப்படாத மனம் போல.

தம்பி,

இதைப் பற்றி எழுதோணும் எண்டு கன நாளா மனசுக்குள்ள கிடந்தது, உம்மட கடிதம் வந்து பிடிச்சு இழுத்திட்டுது.

மச்சம் சாப்பிடும். அதை விடுவம்.

அந்த ஆப்பை முதல் அழியும். அஞ்சாம் நூற்றாண்டில அநுராதபுரம் மகாவிகாரையில இருந்து புத்தகோசர் எண்ட பிக்கு எழுதின விசுத்திமார்க்கம் எண்ட தியான நூலில மூச்சு எண்ணுறதுக்கு அளவு சொல்லியிருக்கு, அஞ்சுக்குக் குறையக்கூடாது, பத்துக்கு மேல போகக்கூடாது. அஞ்சுக்குள்ள நிப்பாட்டினா மனம் இடமில்லாமல் நெருக்குப்படுமாம், பத்தைத் தாண்டினா மூச்சை விட்டிட்டு எண்ணைப் பிடிச்சுக்கொள்ளுமாம். வவுனியா தாண்டினா வாற ஊரில அவ்வளவு காலத்துக்கு முந்தி ஒரு மனிசன் இதைக் கண்டு எழுதி வைச்சிருக்கு, நீர் 41ஐப் பிடிச்சு வைச்சுக்கொண்டு அழுறீர். அதே நூலில கண்டுக்குட்டி ஒண்டையும் சொல்லுறார், கட்டையில கட்டினா அங்கயும் இஞ்சயும் இழுக்கும், கயிறு அறாட்டி பிறகு அந்தக் கட்டையடியிலயே படுத்திடும். இழுக்கிறது கண்டின்ர குற்றமில்ல. உருப்படாத மனம் எண்டு இனி எனக்கு எழுதாதையும், கோவம் வரும்.

நீர் போற போக்கில எழுதின அந்தப் பழைய சத்தத்துக்கு வாறன், எனக்கு அதுதான் முக்கியம். 2009ல, கடைசிச் சண்டை நேரம், உமக்குப் பத்துப் பதினொரு வயசு இருக்குமோ? பங்கருக்குள்ள, இருட்டில, ஷெல் கூவிக்கொண்டு வரேக்க கண்ணை இறுக்கி மூடி, மூச்சைப் பிடிச்சுக்கொண்டு, எங்க விழப்போகுது எண்டு காதைக் குடுத்துக்கொண்டு இருந்திருப்பீர். உம்மட உடம்பு அதைத்தான் பழகினது. இப்ப நீர் அறைக்கதவைச் சாத்தி, லைட்டை நூத்து, கண்ணை மூடி, 64 எண்ணும் மட்டும் மூச்சைப் பிடிச்சா அது வேற எதை நினைக்கும் சொல்லும் பாப்பம்? உமக்கு மனம் ஒருமுகப்படேல்ல எண்டு ஆர் சொன்னது, அது நல்லாத்தான் ஒருமுகப்படுது, போகக்கூடாத இடத்துக்கு நேர போய் நிக்குது. இஞ்ச தியானம் சொல்லிக்குடுக்க வாற ஆக்கள் வன்னிச் சனத்துக்கு முன்னால நிண்டுகொண்டு எடுத்த எடுப்பில கண்ணை மூடுங்கோ எண்டுதான் துவங்குகினம், ஆருக்கு என்ன நடந்தது எண்டு ஒரு வார்த்தை கேக்கிறேல்ல. எனக்கு அது தாங்கேலாது.

திருமூலர் சொன்னது பொய்யில்ல. இடப்பக்கத்தால 16 இழுத்து 64 நிறுத்தி 32 விடுறது குருவுக்குக் கிட்ட இருந்து வருசக்கணக்கில பழகிற சாதனை, யூடியூப் பாத்துச் செய்யிறதில்ல. அதை இண்டைக்கே விடும். மூச்சைப் பிடிக்கவே வேண்டாம், வெளிய போறதை மட்டும் கொஞ்சம் நீட்டி விடும், நெஞ்சடிப்பு தானா இறங்கும்.

அப்பா ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்தவர். கதிர் முத்துற காலத்தில யானையும் பண்டியும் வரும், பரண் கட்டி இரவிரவாக் காவல் இருப்பார், பள்ளிக்கூட லீவெண்டால் நானும் ஏறிடுவன். கதைக்கவும் விடார், டோர்ச் அடிக்கவும் விடார். கண்ணைத் திறந்துகொண்டு இருட்டுக்குள்ள கேட்டுக்கொண்டு இருக்கிறதுதான் வேலை. முதல் தூரத்தில குளத்துப் பக்கம் தவளை, பிறகு வரம்பில ஏதோ பூச்சி, பிறகு பரணுக்குக் கீழ கதிரோட கதிர் உரசுற சத்தம், கடைசியில எங்கட மூச்சு. தவளை டக்கெண்டு நிண்டா அப்பாவின்ர கை தகரத்துக்குப் போகும், யானை வாறதே தெரியாது, தவளை நிக்கிறதுதான் தெரியும். நான் தூங்கி விழுந்தா ஏச மாட்டார், "இப்ப என்ன கேக்குது?" எண்டு மட்டும் மெல்லக் கேப்பார். நான் தேடிச் சொல்லோணும். அந்தக் கேள்வி வந்த உடன மனம் எங்க போயிருந்தாலும் வயலுக்குத் திரும்பி வந்திடும், தம்பி, அதைவிட நல்ல முறை ஒண்டை எந்த வகுப்பிலயும் நான் காணேல்ல.

அதைச் செய்யும். விறாந்தையில, வெளிச்சத்தில, கண் திறந்தபடி, ரெண்டு காலும் நிலத்தில பட இரும். ஏ9ல போற பஸ், காகம், பக்கத்து வீட்டுப் பைப், தூரத்தில இருந்து கிட்ட வாரும். பழைய சத்தம் வந்தா அதோட சண்டை பிடிக்காமல் இப்ப என்ன கேக்குது எண்டு கேளும். சத்தமே ஒத்து வராட்டி காதை விட்டிட்டு உள்ளங்காலுக்கு வாரும், நிலம் குளிருதோ சுடுதோ எண்டு பாரும். பத்து நிமிஷம் காணும். நெஞ்சு அடிச்சா எழும்பிப் போய்த் தண்ணி குடியும், அதில தோல்வி ஒண்டும் இல்ல.

விளக்குச் சுடரைப் பாத்தன் எண்டு எழுதினீர். கண் திறந்திருக்கிறபடியால் பரவாயில்ல, ஆனா கண்ணீர் வரும்வரை இமைக்காமல் பாக்கிற திராடகம் வேண்டாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னம் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில கடல் தண்ணியில விளக்கெரியேக்க சனம் எப்பிடி நிக்குது எண்டு நீர் பாத்திருப்பீர், பிள்ளையை இடுப்பில வைச்சுக்கொண்டு, வேர்த்து வடிய, கண் இமைச்சுக்கொண்டுதான் நிக்குதுகள். மனம் விளக்கிலதான்.

இதைச் சொன்னா சிலர் எனக்கு யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமியின்ர "சும்மா இரு"வைக் காட்டுவினம். அவர் கிளிநொச்சியில நீர்ப்பாசனக் களஞ்சியத்தில வருசக்கணக்கா வேலை செய்து, குரு செல்லப்பா சுவாமியட்ட ஏச்சு வாங்கித்தான் அந்த நிலைக்குப் போய்ச் சேந்தவர். ஷெல்லுக்குள்ளால வந்த பிள்ளைக்கு அதை முதல் பாடமா வைக்கக்கூடாது.

கடைசியா ஒண்டு, இதில சாட்டுச் சொல்லாதையும். யாழ்ப்பாணத்தில மனநல வைத்தியரா இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரில பட்ட சனத்துக்கு மருந்தோட, அவையவைக்குப் பழக்கமான ஜெபத்தையும் மூச்சுப் பயிற்சியையும் சேத்துக் குடுத்தவர். தியானம் ஒரு பக்கம், வைத்தியம் ஒரு பக்கம் எண்டு பிரிக்கத் தேவையில்ல. நீர் இருக்கிற கிளிநொச்சியிலயே பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. அரை நாள் லீவு எடுத்துப் போம், பழைய சத்தம் கேக்குது, நெஞ்சு அடிக்குது எண்டு எனக்கு எழுதின மாதிரியே சொல்லும். போட்டு வந்து என்ன சொன்னவை எண்டு எனக்கு எழுதும்.