விண்கலத்தின் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி பழுதானால் கோளாறை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

காற்றுச் சுத்திகரிப்பு என்பது, மூடிய கலத்துக்குள் ஒவ்வொரு வீரரும் நாளொன்றுக்கு வெளிவிடும் ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயுவைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இதற்கென உள்ள ஒரு முக்கியக் கருவியில், சியோலைட் என்னும் சிறு மணிகள் அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு அவற்றைச் சூடாக்கி அதை வெளியேற்றுவார்கள். இப்படி மாறிமாறிச் சூடாகி ஆறும் மணிகள் நாளடைவில் பொடிந்துபோக, மாவு போன்ற அந்தத் தூசி வால்வுக்குள் புகுந்து, அதை முழுதாகத் திறக்கவும் விடாமல் மூடவும் விடாமல் சிக்க வைத்ததே அங்கே திரும்பத் திரும்ப வந்த கோளாறு.

காசிமேட்டில் விசைப்படகின் எஞ்சின் திணறினால், அனுபவமுள்ள மெக்கானிக் எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் டீசல் ஃபில்டரைக் கழற்றி, அடியில் படிந்த கசடை விரலால் தொட்டுப் பார்ப்பார். தரைக்கட்டுப்பாட்டு நிலையப் பொறியாளர்களின் வழியும் ஏறக்குறைய அதுதான்: காற்று எங்கே தடைபடுகிறது என்பதை அழுத்தம், வெப்பநிலை, வால்வின் நிலை ஆகிய அளவீடுகளால் குறுக்கிக்கொண்டே வந்து, வேறு வழியில்லாதபோதுதான் வீரர்களைக் கருவியைப் பிரிக்கச் சொல்கிறார்கள். எனக்கு இந்தப் பொறுமைதான் மிகப் பெரிய திறமையாகத் தெரிகிறது.

ஆக்சிஜன் தீர்ந்தால்தான் ஆபத்து என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 வீரர்கள் மூவரும் நிலவில் இறங்கவேண்டிய சிறுகலத்தில் தஞ்சம் புகுந்தபோது, அதில் ஆக்சிஜன் போதிய அளவு இருந்தும், கூடிக்கொண்டே போன கரியமில வாயுதான் அவர்களை அச்சுறுத்தியது.