பல் மருத்துவர் நாற்காலியில் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால்

சிங்கப்பூரில் 20 ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். கிளினிக்கில் நேரும் அவசரங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

ஈசூன் வாசகி: டாக்டர், மரத்துப்போகும் ஊசி போட்டதுமே என் மகன் வெளிறிப்போய்ச் சாய்ந்துவிட்டான். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: அநேகமாக அது பயத்தில் வந்த மயக்கம், அம்மா. நாங்கள் அதிகம் பார்க்கும் அவசரமே இதுதான். பயத்தில் நாடி மெதுவாகி, ரத்த அழுத்தம் விழுந்து, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. நாற்காலியைத் தட்டையாக்கிக் காலைத் தூக்கி வைத்தால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் வேறு காரணம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தயவுசெய்து நிமிர்த்தி உட்காரவைத்துத் தண்ணீர் புகட்டாதீர்கள். கர்ப்பிணியாக இருந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். மல்லாக்கப் படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும்.

உட்லண்ட்ஸ் வாசகர்: அம்மா இன்சுலின் போடுகிறார். பல் பிடுங்க வெறும் வயிற்றோடு போகணும் என்கிறார்களே?

பதில்: மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சைக்குத்தான் பட்டினி. அதை கிளினிக்கே முன்கூட்டிச் சொல்லிவிடும். வெறும் மரத்துப்போகும் ஊசிக்குப் பட்டினி வேண்டவே வேண்டாம். வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கம்போல் இன்சுலின் போட்டு, முடிந்தால் காலை நேரத்திலேயே வரட்டும். தைப்பூச விரதத்தில், நோன்பு மாதத்தில் பலர் பட்டினியாக இருப்பதைச் சொல்லாமல் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சொன்னால் நாங்கள் தேதியை மாற்றித் தருவோம், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் என்றால் உடனே விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்போம். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போயிருந்தால் 15 கிராம் சர்க்கரை கொடுக்க வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கலாம், அல்லது அரை டம்ளர் பழச்சாறு. 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். பதற்றத்தில் யாராவது கீழே ஓடிப்போய்க் கோப்பி-ஓ-கோசோங்கோ (பாலும் சீனியும் போடாத காப்பி) வேறு சீனியில்லாப் பானமோ வாங்கி வந்தால் ஒரு பயனும் இல்லை, அதில் சர்க்கரையே கிடையாது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அப்போது சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி போட்டு, 995-இல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பல் மருத்துவ உதவியாளர், புதிதாகச் சேர்ந்தவர்: அக்கா, ஒவ்வாமையா, வெறும் மயக்கமா என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி. பயந்து மயங்கியவருக்கு நாடி மெதுவாக இருக்கும், தோல் வெளிறியிருக்கும். கடுமையான ஒவ்வாமையில் நாடி ஓடும், தடிப்பும் அரிப்பும் வரலாம், உதடும் நாக்கும் வீங்கலாம், மூச்சில் விசில் சத்தம் கேட்கலாம். தோலில் ஒன்றுமே தெரியாமலும் வரும் என்பதால் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் விடாமல் கவனி. ஆண்டிபயாடிக், லேடெக்ஸ் (ரப்பர்) கையுறை, வாய் கொப்பளிக்கும் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் என எதுவும் காரணமாகலாம்.

இங்கே உயிரைக் காப்பது அட்ரினலின்தான். பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொன்று. அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும், சில மணி நேரத்தில் திரும்ப வரக்கூடும்.

பிடோக் வாசகர்: எனக்கு நெஞ்சுவலி உண்டு. நாக்குக்கடியில் வைக்கும் மருந்தைக் கொண்டு வரணுமா?

பதில்: கட்டாயம் ஐயா, கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ஒன்று மட்டும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்: வயாகரா வகை மாத்திரை எடுத்திருந்தால் எப்போது எடுத்தீர்கள் என்று. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும். மனைவி பக்கத்தில் இருந்தால் வெளியே அனுப்பிவிட்டுக்கூடக் கேட்பேன், அவ்வளவு முக்கியம் இது. மருந்து வைத்தும் வலி நிற்காவிட்டால் 995. ஒவ்வாமை இல்லையென்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வோம்.

இன்னொருவர்: வலிப்பு வந்தால் வாயில் ஸ்பூன் வைக்கலாமா?

பதில்: கூடாது. கருவிகளை அகற்றி, கீழே விழாமல் பார்த்து, நேரம் குறியுங்கள். 5 நிமிடம் தாண்டினால் 995.

மேலே கேட்ட உதவியாளரே: இதயம் நின்றுபோனால் ஆளைத் தரையில் இறக்கணுமா?

பதில்: இறக்கும் நேரம்தான் வீண். நாற்காலியைத் தட்டையாக்கி, முதுகுப் பகுதிக்கு அடியில் நம் ஸ்டூலைத் தள்ளி முட்டுக்கொடு, ஆடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்து. ஒருவர் 995-ஐ ஸ்பீக்கரில் போட்டால் மறுமுனையில் இருப்பவரே எண்ணிச் சொல்வார். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி கிளினிக்கில் இல்லையென்றால் வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்கின் மின்தூக்கிக் கூடத்தில் பார்க்கலாம். அது எந்த புளோக்கில் என்று இன்றைக்கே போய்ப் பார்த்துவிட்டு வா. இன்னொருவர் கீழே நின்று மின்தூக்கியைப் பிடித்து வைக்கட்டும்.

யாருக்கு எந்த வேலை என்பதைக் காலையிலேயே பேசிவிடுங்கள். முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நோயாளி மூச்சுக்குத் திணறியபோது ஆக்சிஜன் இருந்தது, சிலிண்டரைத் திறக்கும் சாவி இல்லை. மூன்று இழுப்பறைகளைக் கொட்டித் தேடினோம். அவர் பிழைத்துவிட்டார். அன்றிலிருந்து என் கிளினிக்கில் சாவி சிலிண்டரின் கழுத்திலேயே கயிறு போட்டுத் தொங்குகிறது.