ஆயில் பெயிண்டிங்: முதலில் எதை வாங்குவது?

கேள்வி: வாட்டர் கலர் ஓரளவு கைவந்துவிட்டது. ஆயிலில் இறங்க ஆசை. கடையில் 12 நிறச் செட் ஒன்றைக் காட்டுகிறார்கள். அதையே வாங்கிவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: செட் வேண்டாம். அதிலிருக்கும் பச்சை, ஆரஞ்சு, ஊதாவை நீங்களே கலந்துகொள்ளலாம். வெள்ளையோ முதல் சில படங்களிலேயே தீர்ந்துவிடும். தனித்தனியாக ஆறு டியூப் போதும்: டைட்டானியம் ஒயிட், லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர், அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரைன் ப்ளூ, பர்ன்ட் அம்பர். வெள்ளையை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள். கறுப்பு தேவையில்லை, அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் ஏறக்குறையச் சம அளவில் கலந்தால், கடைக் கறுப்பைவிட உயிருள்ள கறுப்பு கிடைக்கும்.

டியூபில் அச்சிட்டிருக்கும் நிறமிக் குறியீட்டையும் பாருங்கள். அல்ட்ராமரைன் என்றால் பி.பி. 29 (PB29, அதாவது ‘பிக்மென்ட் ப்ளூ’ 29) இருக்க வேண்டும். ஒரே டியூபில் மூன்று, நான்கு குறியீடுகள் இருந்தால் கலக்கும்போது சீக்கிரம் சேறாகிவிடும்.

வாட்டர் கலர் பிரஷ்களைத் தொடாதீர்கள். அந்த மென்மயிர் கெட்டியான பெயின்டைத் தள்ளாது. பன்றிமயிர் ஃப்ளாட் பிரஷ் 4, 8, 12 எண்களில் ஒவ்வொன்று, நுணுக்கத்துக்கு 2ஆம் எண் சிந்தெடிக் ரவுண்ட் ஒன்று வாங்குங்கள். நிறம் கலக்கக் கழுத்து வளைந்த பேலட் நைஃப் அவசியம். பிரஷாலேயே கலந்தால் பெயின்ட் தகரப் பூணுக்குள் ஏறிக் காய்ந்து, மயிர் விரிந்துபோகும்.

பழகுவதற்கு கேன்வாஸ் போர்டு நல்லது. அதைவிடச் சிக்கனமாக, 300 ஜி.எஸ்.எம். காகிதத்தில் அக்ரிலிக் ஜெஸ்ஸோ (எண்ணெய் காகிதத்தில் இறங்காமல் தடுக்கும் வெள்ளை முன்பூச்சு) இரண்டு கோட் அடித்துக் காயவிட்டும் வரையலாம். வெறும் காகிதம் எண்ணெயை உறிஞ்சி, நாளடைவில் நொறுங்கும்.

ரிஃபைண்ட் லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்), பெயின்டை நீர்க்கவைக்கும் ஆர்ட்டிஸ்ட் டர்பன்டைன் இரண்டும் தலா 100 மில்லி போதும். அடிப்பூச்சுக்கு டர்பன்டைன் விட்டு மெலிதாகப் பூசி, மேலே போகப்போக எண்ணெயைக் கூட்டுங்கள். இந்த வரிசை மாறினால் மேற்பூச்சு முந்திக் காய்ந்துவிடும், அடியில் எண்ணெய் மிகுந்த பூச்சு இன்னும் அசைந்துகொண்டிருக்கும், படத்தில் விரிசல் விழும்.

கேள்வி: பெயின்டை இளக்கத் தேங்காய் எண்ணெய் சேர்த்தேன். பத்து நாளாகியும் ஒட்டுகிறது. என்ன செய்வது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அது காயவே காயாது. லின்சீட் எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. தேங்காய் எண்ணெய்க்கு அந்தத் தன்மை கிடையாது. பேலட் நைஃபால் முழுவதையும் சுரண்டி, டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். மேலே இன்னொரு பூச்சு போட்டு மறைக்க முயல வேண்டாம்.

கேள்வி: எண்ணெய் துடைத்த துணி தானாகத் தீப்பிடிக்கும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, சேலம்

பதில்: உண்மைதான். லின்சீட் எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிப்படும். துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்துகொண்டே போகும். வெளியில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரித்து, விறைப்பாகும்வரை காயவிடுங்கள். அதற்கு இடமில்லையென்றால், தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமிழ்த்தி மூடி வையுங்கள்.