மாடல் ரயிலின் ஹாரன் பிடிக்கவில்லையா? டீகோடரை மாற்றும் முன் எண்ணை மாற்றிப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் லீவுக்கு வந்தபோது ஹெச்.ஓ. அளவு மாடல் ரயில் டீசல் இன்ஜின் ஒன்றும், அதை டிஜிட்டல் முறையில் ஓட்டும் டி.சி.சி. கன்ட்ரோலரும் வாங்கி வந்தான். ஹாரன் காதைப் பிளக்கிறது, இன்ஜின் ஓடும் சத்தமோ கேட்கவே இல்லை. விசாரித்தால், உள்ளே இருக்கும் டீகோடரையே (கன்ட்ரோலர் சொல்வதைக் கேட்டு இன்ஜினை ஓட்டி, சத்தமும் போடும் சின்ன சர்க்யூட்) மாற்றணும், பத்தாயிரம் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா? (காந்தி நகர், காட்பாடி)

பதில்: வேண்டாம் சார், ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். இது பழுதே இல்லை. கம்பெனியில் வைத்து அனுப்பிய அளவு உங்கள் வீட்டு ஹாலுக்கு அதிகமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

டீகோடருக்குள் சி.வி. என்று எண் போட்ட அறைகள் இருக்கின்றன. இன்ஜினின் முகவரி ஒன்றில், வேகம் எடுக்கும் விதம் ஒன்றில், ஹாரன் எவ்வளவு சத்தம் என்பது இன்னொன்றில். கன்ட்ரோலர் வழியாக அந்த எண்ணை மாற்றினால் சத்தமும் மாறும். முதலில் சி.வி. 8-ஐப் படித்துப் பாருங்கள், டீகோடர் எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிடும். 141 என்று வந்தால் சவுண்ட்டிராக்ஸ், 151 என்றால் இ.எஸ்.யு., 145 என்றால் ஜிமோ.

சவுண்ட்டிராக்ஸின் சுனாமி2 மாடல் என்றால் வேலை சுலபம். சி.வி. 128 மொத்தச் சத்தம், 129 ஹாரன், 130 மணி, 131 இன்ஜின். இ.எஸ்.யு. லோக்சவுண்ட் 5-ல் மொத்தச் சத்தம் 63-ல் இருக்கிறது, அதிகபட்சம் 192. ஹாரனுக்கு மட்டும் இரண்டு படி: முதலில் 31-ல் 16, 32-ல் 1 எழுதிவிட்டு, அதன் பிறகு 275-ஐக் குறைக்க வேண்டும். அமெரிக்க டீசல்களில் பெரும்பாலும் ஹாரன் இந்த அறையில்தான் இருக்கும், ஆனாலும் கூட வந்த தாளில் ஒருமுறை சரிபாருங்கள். 31, 32-ஐ விட்டுவிட்டு 275-ஐ மட்டும் மாற்றினால் எண் வேறெங்கோ போய் உட்காரும். "மாத்திட்டேன், ஒண்ணும் ஆகலை" என்று வரும் புகார்களில் பெரும்பாலும் காரணம் இதுதான்.

எவ்வளவு குறைப்பது? ஹெச்.ஓ. என்பது 87-ல் ஒரு பங்கு. மூன்றடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்றால், நிஜத்தில் அது ஏறக்குறைய 80 மீட்டர். காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் மூன்று, நான்கு பெட்டி தள்ளி நிற்கும் இன்ஜின் ஹாரன் அடித்தால் காதுக்கு எப்படி வரும்? அந்த அளவு போதும். மொத்தச் சத்தத்தைப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். இன்ஜின் சத்தத்துக்கான எண் அப்படியே இருக்கட்டும், ஹாரனை மட்டும் பத்துப் பத்தாகக் குறையுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். தண்டவாளத்தின் மேல் குனிந்து கேட்டால் எந்த அளவும் அதிகமாகத்தான் தெரியும்.

சத்தம் குறைந்தும் தொனி ஒட்டவில்லை என்றால் ஹாரனையே மாற்றலாம். அமெரிக்க ஹாரன்களில் பல, ஐந்து குழல் சேர்ந்து ஊதுபவை. நம் காதுக்கு அது அந்நியமாகத்தான் இருக்கும். அதற்கான சி.வி. சுனாமி2-ல் 120, லோக்சவுண்டில் பெரும்பாலும் 48. அதில் 0, 1, 2 என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் ஹாரன்கள் வரிசையாக வரும்.

தொடங்கும் முன் பழைய எண்களையெல்லாம் தாளில் எழுதி வையுங்கள். நான் ஒருமுறை எழுதி வைக்காமல் சி.வி. 8-ல் 8 போட்டுவிட்டேன். எல்லாமே கம்பெனி நிலைக்குத் திரும்பிவிட்டது, முகவரி உட்பட. இரண்டு வாரம் உட்கார்ந்து சரிசெய்த வேலை அத்தனையும் போனது. கன்ட்ரோலரின் அடாப்டரையும் திருப்பிப் பாருங்கள். அதில் 100-240 வோல்ட் என்று இருக்க வேண்டும். 120 மட்டும் என்றால் நம் 230 வோல்ட் பிளக்கில் செருகவே கூடாது.

கேள்வி: கன்ட்ரோலரில் ஹாரனுக்கான எஃப்2 பட்டனை ஒரு தடவை அழுத்தினால் ஹாரன் நிற்காமல் அடிக்கிறது. டீகோடர் போய்விட்டதா? (ஆற்காடு)

பதில்: போகவில்லை. எஃப்2-ஐ அழுத்தியிருக்கும் வரை மட்டும் அடிப்பதா, அழுத்தினால் ஆன், மறுபடி அழுத்தினால் ஆஃபா என்பது கையில் இருக்கும் கன்ட்ரோலரின் செட்டிங். அதை முதல் வகைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: சின்ன வயதில் காட்பாடி-விழுப்புரம் மீட்டர் கேஜில் ஒய்.டி.எம்.4 டீசல் இன்ஜின் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தச் சத்தம் தரும் டீகோடர் கிடைக்குமா? (கண்ணமங்கலம்)

பதில்: உங்கள் கேள்வியைப் படித்ததும் மனசு கண்ணமங்கலம் ஸ்டேஷனுக்கே போய்விட்டது. ஒய்.டி.எம்.4-க்குள் இருப்பது அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் 251 ரக டீசல் மோட்டார், ஆறு சிலிண்டர். அதே வகை மோட்டார்தான் அமெரிக்காவின் ஆல்கோ டி-6 ஷண்டிங் வண்டியிலும் இருந்தது. ஆகவே "ஆல்கோ" என்று மட்டும் கேட்காதீர்கள், "251, ஆறு சிலிண்டர்" என்று கேளுங்கள். பன்னிரண்டு சிலிண்டர் பதிவை வாங்கினால் அந்தத் தாளம் வராது.

ஹாரனுக்கு, நம் ஒலிப்பதிவை ஏற்றிக்கொள்ளும் வகையைப் பார்த்து வாங்குங்கள். லோக்சவுண்ட் 5-ல், லோக்புரோகிராமர் என்ற கருவியும் விண்டோஸ் கம்ப்யூட்டரும் இருந்தால், நீங்களே பதிவு செய்த ஹாரனை உள்ளே போடலாம். சுனாமி2-ல் அது முடியாது, உள்ளே இருப்பதில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைப் பெட்டியில் பெரிதாகப் போட மாட்டார்கள், நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பீக்கரைச் சுற்றி மூடிய கூடு கட்டாயம். கூடு இல்லாவிட்டால் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடும், எவ்வளவு நல்ல டீகோடரும் தகரம் தட்டுவது மாதிரிதான் கேட்கும்.

கேள்வி: ஆன்லைனில் டீசல் டீகோடர் ஆர்டர் செய்தேன். வந்ததோ நீராவி இன்ஜின் விசில். கவர் பிரித்தாயிற்று, திரும்ப எடுக்க முடியாது என்கிறார் வெளியூர் விற்பனையாளர். (குடியாத்தம்)

பதில்: சத்தம் பிடிக்கவில்லை என்பது வேறு, கேட்ட பொருளே வரவில்லை என்பது வேறு. உங்களுடையது இரண்டாவது. கவரைப் பிரிக்காமல், ஓட்டிப் பார்க்காமல் உள்ளே என்ன சத்தம் என்று யாருக்குத் தெரியும்? ஆர்டர் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், விசில் கேட்கும் வீடியோ மூன்றையும் சேர்த்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் வழி பிறக்காவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்பவர் ஊருக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதுவரை அந்த டீகோடரில் ஒயர் எதையும் வெட்டாமல், வந்த பெட்டியிலேயே வைத்திருங்கள்.