தொடக்கத்தில் பொருந்தி முடிவில் விலகும் ஒலி

வணக்கம். கைதட்டலை வைத்துத் தொடக்கத்தில் சரியாகப் பொருத்தியும், 40 நிமிட நேர்காணலின் முடிவில் தனி ரெக்கார்டரின் ஒலி உதட்டசைவை விட ஏறத்தாழ 2.4 விநாடி முந்திவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. 40 நிமிடம் என்பது 2400 விநாடி; அதில் 0.1 சதவீதம் 2.4 விநாடி. விநாடிக்கு 24 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) வீதம் எடுத்த காட்சியை எடிட்டிங் மென்பொருள் 23.976 எனக் கொண்டு ஓட்டினால் படம் சரியாக இவ்வளவுதான் பின்தங்கும். ஆகவே ஒலியைத் தொடாமல், கிளிப்பின் பண்புகளில் ஃப்ரேம் வேகத்தை 24 என்று திருத்தி, கிளிப்புகளை அடுக்கும் டைம்லைனையும் 24 ஆகவே அமையுங்கள்.

சாம்பிள் ரேட் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிவுசெய்கிறோம் என்ற எண்ணிக்கை) காரணமாக இருக்குமோ என்ற உங்கள் சந்தேகம் பொருந்தாது, 44.1, 48 கிலோஹெர்ட்ஸ் குழப்பமாக இருந்தால் விலகல் மூன்று நிமிடத்தைத் தாண்டியிருக்கும், குரலின் சுருதியும் மாறியிருக்கும்.

திருத்தும் முன் 10, 20, 30 ஆவது நிமிடங்களில் விலகலை அளந்து பாருங்கள். அது 0.6, 1.2, 1.8 எனச் சீராக வளராமல் ஏறி இறங்கினால், கைப்பேசிகளில் வழக்கமான மாறும் ஃப்ரேம் வேகமே காரணம். அப்போது ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகே எடிட்டிங்கைத் தொடங்க வேண்டும்.

இதற்குப் பிறகும் இரண்டு மூன்று ஃப்ரேம் விலகல் மிஞ்சலாம். இரு கருவிகளின் கடிகாரங்களும் முற்றிலும் ஒத்து ஓடுவதில்லை. அதற்காக ஒலியை இழுத்து நீட்டுவதை நான் விரும்புவதில்லை. பேச்சின் இடைவெளியில் வெட்டி நகர்த்தினாலே போதும்.