எதிராளி காப்பியடித்தால்?

கேள்வி: செஸ்ஸில் வெள்ளைக் காய் வந்தால் நான் முதலில் சி4 தான் (சி வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே) ஆடுவேன். எதிரில் இருப்பவர் அதே சிப்பாயை சி5இல் வைத்துவிட்டு, நான் குதிரை எடுத்தால் குதிரை, பிஷப் எடுத்தால் பிஷப் என்று அப்படியே திருப்பி ஆடுகிறார். போன போட்டியில் அலுத்துப்போய் நானே டிரா கேட்டுவிட்டேன். இந்த ஓப்பனிங்கே (தொடக்க ஆட்டமுறையே) சப்பையா?
(பெயர் வேண்டாமாம், கல்லூரி மாணவர்)

பதில்: ஓப்பனிங் மேல் பழி போடாதீர்கள். 1972இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் 8ஆவது ஆட்டத்தைப் போர்டில் அடுக்கிப் பாருங்கள். அமெரிக்காவின் பாபி ஃபிஷர் வெள்ளை, அப்போதைய சாம்பியன் சோவியத்தின் போரிஸ் ஸ்பாஸ்கி கறுப்பு, முதல் 6 நகர்த்தல் உங்கள் ஆட்டம் மாதிரியே கண்ணாடி பார்த்தது போல இருக்கும், காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) உட்பட. 7ஆவதில் ஃபிஷர் சிப்பாயை டி4க்குத் தள்ளி நடுவில் உடைத்தார், காப்பி அதோடு சரி. முதல் நகர்த்தல் உங்களுடையது என்பதால் உடைக்கும் வாய்ப்பும் முதலில் உங்களுக்குத்தான் வரும், அதை விட்டுவிட்டு டிரா கேட்டால் எப்படி?

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். 15ஆவதில் ஸ்பாஸ்கி சிப்பாயை பி5க்குத் தள்ளினார், உடனே ஃபிஷரின் இ3 பிஷப் ஏ7இல் போய் உட்கார்ந்தது. பி8 யானைக்குப் போக்கிடமே இல்லை: பி6ஐ அந்த பிஷப் பார்க்கிறது, ஏ8, பி7 இரண்டையும் ஜி2இல் இருக்கும் இன்னொரு பிஷப் மூலைவிட்டமாக அங்கிருந்தே பிடித்து வைத்திருக்கிறது. நீங்கள் சும்மா பழக்கத்துக்கு ஜி3, பிஷப் ஜி2 ஆடுகிறீர்களே, அது இதற்குத்தான்!

ஸ்பாஸ்கி யானையைத் தெரிந்தேதான் கொடுத்தார் என்று வாதிடுபவர்களும் உண்டு. இருக்கலாம், பதிலுக்கு ஒரு பிஷப்பும் சிப்பாயும் கிடைத்தன. ஆனால் 19ஆவதில் குதிரையை டி7க்கு இழுத்தாரே, அதற்கு என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை. ஃபிஷரின் குதிரை டி5க்குத் தாவியதும் ராணிக்கு ராணி நேருக்கு நேர். ஸ்பாஸ்கி ராணியை வெட்டினார், ஃபிஷர் திருப்பி வெட்டாமல் முதலில் இ7 சிப்பாயைத் தின்று செக் வைத்தார், ராணியை அதற்குப் பிறகுதான் எடுத்தார். யானைக்குப் பதிலாகக் கிடைத்த சிப்பாயின் லாபமும் அதோடு போனது, 37ஆவதில் ஆட்டம் முடிந்தது.

கேள்வி: சரி, ஃபிஷர் வழக்கமாக இ4 (ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாய்) வைத்துத் தொடங்கும் ஆள் ஆயிற்றே?
(அதே மாணவர், அதே கடிதத்தின் பின்பக்கம்)

பதில்: ஆமாம். அதனால்தான் அந்த மேட்சில் அவர் சி4 வைத்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.